செவ்வாய் முறை

மழை விட்டு ஒன்பது நாள்.
பம்பை மூடியிருந்த யூரியாப் பையை இழுத்தேன்.
உள்ளே ஒரு பல்லி,
குத்தகை முடியாதவர் போல
நின்று பார்த்துவிட்டுப் போனது.

புன்னாலைக்கட்டுவனில் இளவேனிலென்று
ஆரும் நாள் குறிப்பதில்லை.
வாய்க்காலில் பாசி காய்ந்து சுருளும்,
எங்கேயோ ஒரு மெசின் இருமும்,
அவ்வளவுதான்.
இந்த வருசம் முதலில் இருமியது
அருமைநாயகத்தாருடைய மெசின்.
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளக்கைக் கழற்றினேன். கரி.
மண்கடதாசியால் உரஞ்சி,
இரும்புவாள் அலகை இடுக்கில் நுழைத்து
இடைவெளி பார்த்தேன்.
காபரேட்டர்க் கிண்ணத்தில்
போன ஆவணியின் மண்ணெண்ணெய்
பனங்கட்டிப் பாகாய் இறுகிக் கிடந்தது.
விட்டது நான்தான்.
வேலை முடிந்தால் டாங்கியை வடித்துவிடு என்று
வாங்கின பெட்டியிலேயே படம் இருக்கிறது.
அந்தப் பெட்டியில் இப்போது கோழி அடைகிடக்கிறது.

சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்து
ஜெட்டின் கண்ணைக் குத்தினேன்.
தூக்கிப் பிடித்தால்
கடுகில் பாதி வானம்.
இவ்வளவு சின்ன ஓட்டையாலா
எட்டுப் பரப்புக்கும் தண்ணீர் வருகிறது?

புல்லுவெட்டிக்குப் புதுத் தங்கூசி சுற்றினேன்.
மருந்தடிக்கிற மெசினை மூன்று தரம் கழுவியும்
மணம் போகவில்லை,
நாலாம் தரம் கழுவவில்லை.

பிறகு கயிறு.
சோக்கை இழுத்து, ஒருக்கா.
சோக்கை விட்டு, ஒருக்கா.
பிளக்கில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு,
தெரிந்த தூசணம் எல்லாம் சொல்லி,
பதினொரு தரம்.
தோள்மூட்டு கழன்று கையோடு வரும்போல.

அந்த இடைவெளியில்தான் காதில் விழுந்தது:
கிணற்றடியில் அவருடைய மெசின்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
இன்றைக்குச் செவ்வாய்.

ஒரு கிணறு, மூன்று பங்கு.
செவ்வாயும் வெள்ளியும் எனக்கென்று
உறுதியில் கிடக்கிறது.
ஞாயிறு கிணற்றுக்கு.
போய்க் கேட்கலாம்.
பழுதான மெசினோடு
எந்த வாயால் கேட்பது?

சைலன்சருக்குள் சும்மா விரலை விட்டேன்.
மண்.
குளவி, அடி வரைக்கும் பூசி அடைத்திருக்கிறது.
குளவி கூடு கட்டினால்
வீட்டில் பிள்ளை பிறக்குமாம்.
எனக்கு நாற்பத்தேழு.
திருப்புளியால் நெம்ப
மண் உருண்டைகளோடு விழுந்தன
செத்தும் சாகாத பச்சைப் புழுக்கள் ஐந்து,
அவற்றைத் தின்னப் பிறந்த
வெள்ளைப் புழு ஒன்று.
வாழையடியில் கொண்டுபோய் வைத்தேன்.
அது பிழைக்காதென்று தெரியும்.

பன்னிரண்டாம் தரம்
கயிறு கையை உதறிக்கொண்டு போனது.
புகை, நீலமாய்.
சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன்.
குரல் தடித்தது.
குழாயை இறக்கி, வாய் நிறையத் தண்ணீர் கொடுத்தேன்.

ஒரே கிணற்றில் இரண்டு வாய்.
மாரித் தண்ணீரானாலும்
கண்முன்னே ஒரு படி இறங்கியது.
அவர் அந்தப் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தார்.
கையைத் தூக்கினார்.
வணக்கமா, பொறு என்றாரா,
வியர்வை துடைத்தாரா,
எனக்கு விளங்கவில்லை.
நானும் தூக்கினேன்.
கொஞ்சம் கழித்து அவருடையது நின்றது.

தண்ணீர் முதலில் சருகைத் தள்ளிக்கொண்டு,
பிறகு நுரையாய்,
பிறகு செம்மண்ணைக் குடித்த நிறத்தில்
முதல் பாத்திக்குள் போய் நின்றது.
வெங்காயம் வாங்கவே இல்லை இன்னும்.
வெறும் பாத்தி.
நிரம்புமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரவு, கலண்டரில் செவ்வாய்க்குக் கீழே
எழுதினேன்:
அருமைநாயகம், ஒன்றரை மணித்தியாலம்.
பிறகு ஒன்றை வெட்டிவிட்டு
அரை என்று விட்டேன்.